மரவேலையும் மாணவர் கல்வியும்

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தாராது காலம் நீட்டித்தபோது, ஒளவையார் அவன் வாயில் காவலனை முன்னிலைப்படுத்திப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 206ஆம் பாட்டாக அமைந்துள்ளது. தம்மை மதிப்போர் உலகில் இன்னும் உளர். ஆதலின் யாண்டுச் செல்லினும் தமக்கு உணவுக்குக் குறைவில்லை என்பது புலவர் கருத்து. இக்கருத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை தச்சன் மக்களைப் பற்றியது. கைவன்மை மிக்க அச்சிறுவர் மழுவொடு காட்டினுட் புகுவாராயின், தமக்கு வேண்டும் மரம் கிடைக்குமோ கிடையாதோ என்று ஐயுறுவதில்லை. காடு முழுதும் அவர்க்குப் பொருளாகவே தோன்றும்.

இப்பாட்டிற் புலவரின் பெருமிதத்தைக் கண்டு போற்றுவதே பெருவழக்கு. அப்பெருமிதத்துக்கு உவமையாகத் தச்சச் சிறுவரின் கைகள் வந்து நிற்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்ற நாவும் பயின்ற கையும் அஞ்சாமையில் ஒன்று என்பது ஒளவையார் உவமையின் அடிநிலை. ஆயினும் அச்சிறுவர் அத்திறத்தைப் பெற்றது தந்தை தச்சனாய் இருந்தமையால். உழவன் மகனும் வணிகன் மகளும் ஆசிரியர் பிள்ளையும் அத்திறத்தை எங்ஙனம் பெறுவர்? மரவேலையைக் குலத்தொழில் என்னும் நிலையினின்று பிரித்து, எல்லா மாணவர்க்கும் உரிய பொதுக்கல்வியாக ஆக்க இயலுமா? இவ்வினாவுக்குச் செயலால் விடை கண்ட நாடுகள் வட ஐரோப்பாவில் உள்ளன. அவ்விடையினை விளக்குவதும், நம் நாட்டில் அதனை நோக்குங்கால் எழும் ஓர் இடர்ப்பாட்டை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சுலாய்டு

சுவீடிய மொழியில் ‘சுலாய்டு’ என்றொரு சொல் உண்டு. கைத்திறம் உடைய, திறமையான என்னும் பொருள் தரும் பழஞ்சொல் ஒன்றன் அடியாக அது பிறந்தது. நீண்ட பனிக்காலத்தில் வயல்வேலை ஒழிந்த குடியானவர், அடுப்பங்கரையில் அமர்ந்து கரண்டியும் கோடரிக் காம்பும் வாளியும் செதுக்குவர். வீட்டுக்கு வேண்டிய பொருளை வீட்டாரே செய்துகொள்ளும் அவ்வழக்கத்துக்கே சுலாய்டு என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆலைப்பொருள்கள் மலிவாக வந்து நிறைந்தன. வீட்டுக் கைவினை தேய்ந்தது. கையால் ஒன்றைச் செய்தறியாத தலைமுறை ஒன்று வளர்வதைக் கண்டு கவலையுற்றோர் பலர். அக்கவலையைக் கல்விக் கொள்கையாக மாற்றியவர் இருவர்.

முன்னவர் பின்லாந்தைச் சார்ந்த ஊனோ சிக்னேயஸ் (1810-1888). சமய குருவாகிய இவர், அக்காலத்தில் உருசியர்க்கு உரியதாய் இருந்த அலாஸ்காவிலும், பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க்கு நகரிலும் பணியாற்றியவர். பெஸ்டலாட்சி, ஃபிரோபெல் ஆகியோரின் கல்விக் கருத்துகளில் தோய்ந்தவர். குழந்தை தன் கையால் ஒன்றை ஆக்கும்போதே அதன் அறிவு மலர்கின்றது என்பது ஃபிரோபெல் கண்ட உண்மை. அதனைச் சிறுகுழந்தைகளோடு நிறுத்தாமல் பள்ளிப் பருவம் முழுதும் நீட்டித்தல் வேண்டும் என்பது சிக்னேயஸ் கொண்ட துணிபு. 1863-இல் யூவாஸ்கூலா என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவர் ஆனார். 1866-இல் பிறப்பிக்கப்பட்ட பின்லாந்தின் பொதுப்பள்ளிச் சட்டம், நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கைவினையைக் கட்டாயப் பாடமாக்கிற்று. நாடு முழுவதற்கும் இங்ஙனம் சட்டமியற்றியதில் பின்லாந்தே முன்னின்றது.

பின்னவர் சுவீடன் நாட்டு ஓட்டோ சாலமன் (1849-1907). இவருடைய மாமன் ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்பார் பெருவணிகர்; 1868-இல் கோத்தன்பர்க்கு நகருக்கு அணித்தே நேஸ் என்னும் பண்ணையை விலைக்கு வாங்கினார். அங்கே 1872-இல் ஆண்பிள்ளைகளுக்குக் கைவினைப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. ஈராண்டு கழித்துப் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று தோன்றிற்று. 1875-இல் ஆசிரியர் பயிற்சியும் ஏற்பட்டது. தொடக்கத்தில் சாலமனுடைய நோக்கம் பெரிதும் பொருளாதாரம் பற்றியதே. அழிந்துவரும் வீட்டுத்தொழிலை மீட்டல், ஏழைச் சிறுவர்க்கு வருவாய்க்கு வழிகாட்டல் என்னும் அளவில் அவர் நின்றார். 1877-இல் அவர் பின்லாந்து சென்று சிக்னேயஸைக் கண்டார். அதன்பின் அவர் கருத்து திரிந்தது. சிறுவன் செய்யும் நாற்காலி சிறந்ததா என்னும் வினாவை விடுத்து, நாற்காலி செய்த சிறுவன் என்னவாக ஆனான் என்று வினவத் தொடங்கினார். தொழிற்பயிற்சியும் கல்விக் கைவினையும் வேறு வேறு என்று வரையறுத்ததே அவர் கல்வியுலகுக்குச் செய்த தொண்டு. தச்சனுக்குப் பொருள் முதன்மை. ஆசிரியனுக்கு மாணவன் முதன்மை. மாணவன் பணி முடிந்தபின் அப்பலகை அடுப்பில் இடப்படினும் கல்வி நடந்தேறியது நடந்தேறியதே.

நேஸில் ஏறக்குறைய ஆறு வாரம் நிகழ்ந்த பயிற்சிகளுக்குப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்தனர். பெண் ஆசிரியர்களும் அவருள் இருந்தனர். கற்பித்தலுக்குக் கட்டணம் பெறப்படவில்லை. ஆபிரகாம்சனின் செல்வம் அதற்குத் துணை நின்றது. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு 1888-இல் சென்ற கஸ்டாஃப் லார்சன் அங்கே இம்முறையைப் பரப்பினார். டென்மார்க்கில் ஆக்செல் மிக்கெல்சன், வகுப்பு முழுதையும் ஒருசேரப் பயிற்றும் வேறொரு முறையை வகுத்தார். இவ்வரலாறு இன்னும் விரியும். ஈண்டு இவ்வளவு போதும்.

கத்தியில் தொடங்கும் பாடம்

சாலமன் வகுத்த முறை எளிதாகத் தோன்றும். உற்று நோக்கின் அதன் நுட்பம் விளங்கும். அவர் தச்சர் செய்யும் வினைகளை யெல்லாம் சிறு சிறு பயிற்சிகளாகப் பகுத்தார். கத்தியால் சீவுதல், வாளால் அறுத்தல், இழைப்புளியால் இழைத்தல், உளியால் துளைத்தல் என அவை எளியதினின்று அரியதற்குச் செல்லும். ஆயின் அப்பயிற்சிகளைத் தனித்தனியே மாணவனுக்குக் கொடுத்தல் இல்லை. ஒவ்வொரு பயிற்சியும் ஒரு பொருளுக்குள் மறைந்து நிற்கும். முதற்பொருள் ஒரு சிறு சுட்டுக்கோல். அதற்குக் கத்தியொன்றே கருவி. பின்னர்ப் பூச்செடிக்கு ஊன்றுகோல், அடிக்கோல், கரண்டி, கோடரிக் காம்பு என வரிசை வளரும். புதிய பொருள் ஒவ்வொன்றிலும் பழகிய வினைகளோடு புதியன ஓரிரண்டே சேரும். மாணவன் தான் பயிற்சி செய்வதாக எண்ணான்; கரண்டி செய்வதாகவே எண்ணுவான்.

இவ்விடத்தில் இதனோடு மாறுபட்ட உருசிய முறையை ஒப்பிட்டுக் காணல் தகும். மாஸ்கோவின் பேரரசத் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் தெல்லா வாஸ் என்பார் 1868-ஐ ஒட்டி வகுத்த முறை அது. 1876-இல் பிலடெல்பியாவில் நிகழ்ந்த பொருட்காட்சியில் அதனைக் கண்ட அமெரிக்கக் கல்வியாளர் பெரிதும் வியந்தனர். அம்முறையில் மாணவர் பொருள் எதனையும் செய்வதில்லை. பொருத்துகளை மட்டும் வரிசையாகச் செய்வர்: ஒரு மரத்தின் முனையை நாக்குப்போற் செதுக்கி மற்றதன் துளையிற் செருகும் பொருத்து, புறாவின் வால் போல விரிந்த பொருத்து, இன்னபிற. செய்து முடித்தவை மதிப்பிடப்பெற்றபின் பயனற்றுப் போகும். பொறியாளரை ஆக்குதற்கு இம்முறை விரைவானது. குறைந்த காலத்தில் பலரைப் பழக்கலாம். இலக்கண நூற்பாவை நெட்டுருச் செய்தல் போன்றது அது என்பது என் கருத்து. சாலமன் முறையோ செய்யுளைப் பயிலும்போதே இலக்கணமும் உடன் வந்து படிவதை ஒக்கும். எந்த முறை மொழியைக் கற்பித்தது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

பொருள்களைத் தெரிந்தெடுப்பதிற் சாலமன் வகுத்த நெறிகள் சில உள. பொருள் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். ஆடம்பரப் பொருள் ஆகாது. மாணவன் ஒருவனே தொடக்கம் முதல் இறுதிவரை அதனைச் செய்தல் வேண்டும். ஒருவன் அறுக்க, மற்றொருவன் இழைக்க, வேறொருவன் பொருத்தும் ஆலைமுறைப் பங்கீடு கூடாது. முடித்த பொருள் மாணவனுக்கே உரியது. அவன் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்வான். தாய் அக்கரண்டியால் களி கிண்டும்போது, அதன் காம்பு கையை உறுத்துகின்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தேர்வு அங்கே நிகழ்கின்றது.

இன்னொரு நெறி ஆசிரியர்க்கு உரியது. கடைப்பிடித்தற்கு அரிதும் அதுவே. மாணவனுடைய வேலையில் ஆசிரியர் கை வைத்தல் ஆகாது. வேறொரு துண்டு மரத்திற் செய்து காட்டலாம், நிற்கும் நிலையைத் திருத்தலாம், வினாவால் வழிகாட்டலாம். மாணவன் மரத்தில் ஆசிரியரின் உளி ஒருமுறை பட்டாலும், அதன்பின் அது மாணவன் செய்த பொருள் அன்று. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் கோணிப்போன அறுப்பைக் கண்டும் கைகட்டி நிற்பது ஆசிரியர்க்கு எத்துணைத் துன்பம் என்பதைக் கற்பித்தோர் அறிவர். தச்சுத்தொழில் வல்லாரினும் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரே இவ்வகுப்பை நடத்துதற்கு உரியர் என்று சாலமன் வற்புறுத்தியது இதுபற்றியே. கைவல்ல தச்சர்க்குக் கோணல் அறுப்பைப் பொறுத்தல் அரிது. அவர் கை தானே நீளும்.

உடல் நலத்தையும் அவர் மறந்திலர். வாளைப் பிடிக்குங்கால் நிற்க வேண்டிய நிலை, இழைக்குங்கால் தோளும் இடுப்பும் அசைய வேண்டிய முறை ஆகியவற்றைப் படங்களாற் காட்டினார். உடல் ஒருபுறம் சாய்ந்து வளராவண்ணம் வலக்கை இடக்கை இரண்டாலும் மாறிமாறி அறுத்தலையும் இழைத்தலையும் பழக்கினார். இவ்விதியைப் பிற்காலத்தார் பலர் கைவிட்டனர். அது பெரிய இழப்பு அன்று.

மரம் என்னும் ஆசான்

களிமண்ணாலும் தாளாலும் செய்யும் வேலைகள் இருக்க, மரத்துக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? களிமண் சொன்னதைக் கேட்கும். பிழைத்தால் பிசைந்து மீளத் தொடங்கலாம். இரும்போ சிறுவர் வலிமைக்கு அடங்காது. மரம் இவற்றின் இடைப்பட்டது. அதற்குத் தனக்கென ஒரு போக்கு உண்டு. அப்போக்கை அறிந்து நடப்பவனுக்கு அது இணங்கும்.

மரத்தின் நாரோட்டத்தை எடுத்துக்கொள்வோம். நாரோட்டத்தின் வழியே இழைப்புளியைச் செலுத்தினால் சுருள் சுருளாக இழை வரும், பலகை பளபளக்கும். எதிரே செலுத்தினால் நார் பிய்ந்து பலகை முரடாகும். எத்துணை வலிமையுடன் தள்ளினும் பயனில்லை. பலகையைத் திருப்பி வைத்தலே வழி. வலிமையால் ஆகாதது திசை மாற்றத்தால் ஆகும் என்பதை ஒரு சிறுவன் அரைநாழிகையில் தன் தோளால் உணர்கின்றான். இதனைச் சொல்லால் விளக்கினால் அவன் கேட்டு மறப்பான்.

மரம் ஈரம் உலருங்கால் சுருங்கும் தன்மையும் அத்தகையதே. நீளவாக்கில் அது சுருங்குவது மிகச் சிறிது. குறுக்கே சுருங்குவது மிகுதி. அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கிலே சுருங்குவது, நடுவினின்று புறநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. அகலப் பலகை வளைந்துபோவதற்கு இதுவே காரணம். இதனை அறியாது பலகையை நாற்புறமும் இறுக்கி ஆணியடித்த மாணவன், கோடை வந்ததும் அது நடுவே பிளந்திருக்கக் காண்பான். பழங்கதவுகளில் நடுப்பலகை சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாக நிற்பது ஏன் என்பது அன்று விளங்கும். தொல்காப்பியர் மரபியலில் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் வகுத்துரைத்தார். அதனாற் பனையும் தெங்கும் புல்லினத்தைச் சாரும். இப்பகுப்பை வகுப்பறையில் உரை கொண்டு விளக்குவோம். வேம்பின் குறுக்குவெட்டையும் பனையின் குறுக்குவெட்டையும் ஒருமுறை வாளால் அறுத்துப் பார்த்த மாணவனுக்கு உரை வேண்டுவதில்லை. தமிழாசிரியர் என்ற முறையில் இதனை ஈண்டு இடைப்பிறவரலாகக் கூறினேன்.

எல்லாவற்றினும் சிறந்தது மூலைமட்டம் கற்பிக்கும் பாடம். கணக்கில் விடை சரியா என்பதை ஆசிரியர் சொல்லியே மாணவன் அறிகின்றான். கட்டுரைக்கு மதிப்பெண்ணும் அவர் விருப்பே. மரவேலையில் மாணவன் தன் பலகையின் விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கின்றான். இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் பிழை, தெரியாவிட்டால் சரி. ஆசிரியரின் அன்போ சினமோ அங்குப் புகுவதில்லை. ஏமாற்றவும் இயலாது, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளவும் இயலாது. தன் பிழையைத் தானே கண்டு, பிறர் கூறாமலே ஒப்புக்கொண்டு, திருத்த இயலுமா அல்லது புது மரம் எடுக்க வேண்டுமா என்று தானே முடிவு செய்யும் இந்நிலை, பள்ளியின் பிற பாடங்களில் அரிதாகவே வாய்க்கின்றது. கோட்டின்மேல் அறுக்காமல் கோட்டுக்குப் புறத்தே, கழிக்கும் பக்கத்தில் அறுக்க வேண்டும் என்பதும் இதனோடு ஒட்டிய படிப்பினை. மிகுந்ததைக் குறைக்கலாம்; குறைந்ததை மிகுக்க இயலாது.

உலக நல நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினைத் தொகுத்துரைத்தது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, தன்னை அறிதல், உணர்ச்சிகளை ஆளுதல் முதலியன அவற்றுள் அடங்கும். சாலமனும் தம் காலத்தில் உழைப்பில் விருப்பம், உடலுழைப்பை மதித்தல், தன்னம்பிக்கை, ஒழுங்கு, செப்பம், கவனம், விடாமுயற்சி என்பவற்றைப் பயன்களாக எண்ணினார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். மரப்பட்டறையில் ஒழுங்கு கற்றவன் வாழ்வின் எல்லாத் துறையிலும் ஒழுங்குடையனாவான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டார் எளிதாக நம்பினர். 1901-இல் தார்ன்டைக், உட்வொர்த் என்னும் உளவியலார் இருவர் நிகழ்த்திய ஆய்வுகள் அந்நம்பிக்கையை அசைத்தன. ஒன்றிற் பெற்ற பயிற்சி வேறொன்றுக்குச் செல்வது, இரண்டுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவிற்கே என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே இழைப்புளி தள்ளியவன் நாணயமான வணிகன் ஆவான் என்று நாம் உறுதி கூறலாகாது. கூறத்தக்கது இவ்வளவே: அளந்து திட்டமிடல், கருவியைத் தீட்டிப் பேணல், பிழை நேர்ந்த இடத்தில் அழாமலும் மறைக்காமலும் அடுத்தது என்ன என்று எண்ணல், சிக்கிக்கொண்ட கதவைத் தானே சரிசெய்தல் ஆகியவற்றை மாணவன் நேரே கற்கின்றான். இவை பிற இடத்துக்கும் சென்று பயன்பட வேண்டுமாயின், ஆசிரியர் அவ்வப்போது அத்தொடர்பை எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

நம் நாட்டு இடர்ப்பாடு

தமிழ்ச் சிறுவர் பள்ளியில் மரவேலை கற்ற செய்தியொன்று தென்னாப்பிரிக்காவினின்று கிடைக்கின்றது. 1910-இல் ஜோகனஸ்பர்க்குக்கு அருகே காந்தியடிகள் நிறுவிய தால்ஸ்தாய்ப் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருந்தனர். நிலத்தை உதவிய ஹெர்மன் காலன்பாக்கு, துறவி மடமொன்றிற் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்தியடிகளுக்குக் கற்பித்தார். மரவேலையும் ஓரளவு அறிந்திருந்தமையால் அதற்கும் ஒரு சிறு வகுப்பு நடைபெற்றது. போப்பையரின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு தாம் அறிந்த சிறிது தமிழைக் காந்தியடிகள் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் அங்கேயே. ஆசிரியர் தாம் செய்யாத வேலையை மாணவரைச் செய்யுமாறு ஏவுதல் கூடாது என்பது அப்பண்ணையின் விதி. எவர் எக்குலத்தினர் என்னும் வினா அங்கு எழவில்லை. எல்லாரும் எல்லாம் செய்தனர்.

1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டினின்று ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்றல் நெய்தல், உழவு ஆகியவற்றோடு மரவேலையும் அடிப்படைத் தொழில்களுள் ஒன்றாயிற்று. தொழிலின் வழியே பிற பாடங்களைக் கற்பித்தல் என்பது சிறந்த கொள்கை. ஆயின் மாணவர் செய்யும் பொருளின் விலையாற் பள்ளி தன் செலவை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கருத்தும் அதனோடு பிணைந்திருந்தது. சாலமன் 1877-க்குப்பின் கைவிட்ட நோக்கம் இங்கே மீண்டும் நுழைந்தது. விற்பனைக்குச் செய்யும் கரண்டியில் ஆசிரியர் கை வைக்காமல் இருத்தல் இயலுமா? ஒரே பொருளை நூறு முறை செய்விக்காமல் இருத்தல்தான் இயலுமா? இவ்வினாக்களை அன்றே கல்வியாளர் பலர் எழுப்பினர்.

சென்னை மாநிலத்தில் 1953-இல் நிகழ்ந்தது இதனினும் கடியது. இராசாசி முதலமைச்சராய் இருந்தபோது நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் புகுத்தப்பட்டது. அதன்படி பிள்ளைகள் நாள்தோறும் மூன்றுமணி நேரம் பள்ளியிற் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்பர். குறைந்த செலவில் மிகுதியான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணர்தற்கு இது வழி என்றனர் அதனை வகுத்தோர். பெரியார் உள்ளிட்ட பலர் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனக் கண்டித்து எதிர்த்துப் போராடினர். 1954-இல் இராசாசி பதவி விலக, காமராசர் முதலமைச்சரானார். திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது.

அத்திட்டத்தின் பிழை கைத்தொழிலைக் கல்வியிற் சேர்த்தமை அன்று. எந்தக் கை எந்தத் தொழிலைத் தொட வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானிக்குமாறு விட்டமையே பிழை. தச்சர் மகன் வாய்ச்சி பிடிக்க, கணக்கர் மகன் ஏடு பிடிப்பான். முன்னவன் ஏற்கெனவே அறிந்ததையே கற்பான். படிக்கும் நேரத்தை மட்டும் இழப்பான். பின்னவனோ உளியைத் தொடாமலே வளர்ந்து, தொட்டவனைத் தாழ்வாக எண்ணவும் கற்பான். சுலாய்டுக் கல்வியில் இஃது அப்படியே தலைகீழாகும். அங்கே தச்சன் மகனுக்கு மரவேலை வகுப்பு பெரும்பயன் தராமற் போகலாம். பள்ளியாசிரியர் மகனுக்கும் வணிகர் மகனுக்குமே அது இன்றியமையாதது. உடலுழைப்பை மதித்தல் என்று சாலமன் எழுதிய பயன், உழைப்பால் வாழாதார் வீட்டுப் பிள்ளைகளைக் கருதியே முழுப்பொருள் பெறும்.

1953-இன் நினைவு நம்மிடையே கைவினைக் கல்வி என்றாலே ஐயுறும் மனநிலையை விட்டுச் சென்றிருப்பது வியப்பன்று, அவ்வையம் நியாயமானதே. அதன் விளைவாகப் பள்ளிகளில் மரவேலை என்பது பெயரளவில் நின்றது. யான் பயின்ற பள்ளியொன்றிற் கைத்தொழில் வகுப்பு என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். வாளும் உளியும் கொட்டாப்புளியும் ஒரு பெட்டகத்திற் பூட்டிக் கிடந்தன. மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் அவை துடைக்கப்பட்டு மேசைமேற் பரப்பப்படும். ஐந்தாண்டுகளில் ஒரு பலகையையேனும் யாங்கள் அறுத்ததில்லை. மதிப்பெண் மட்டும் தவறாது பெற்றோம். பெட்டகத்தின் திறவுகோல் யாரிடம் இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

பின்லாந்திலும் சுவீடனிலும் அக்கல்வி இன்றும் நிகழ்கின்றது. தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மரமும் பெண்பிள்ளைகளுக்குத் துணியும் என்று பிரித்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பிரிவு நீங்கத் தொடங்கிற்று. பின்லாந்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் மரவேலையையும் துணிவேலையையும் ஒரே பாடமாக இணைத்து, இருபாலார்க்கும் பொதுவாக்கியுள்ளது. பிறப்பால் தொழில் பிரிதல் எங்ஙனம் குறையோ, பாலால் தொழில் பிரிதலும் அங்ஙனமே என்பதை அவர்கள் உணரவும் நூறாண்டுக்கு மேலாயிற்று.

நம் பள்ளிகளில் இதனைத் தொடங்குவார்க்குச் சாலமன் கூறிய ஒன்று கைகொடுக்கும். நேஸில் வகுத்த பொருள் வரிசையை அப்படியே பெயர்த்துக்கொள்ள வேண்டா, அவ்வந்நாட்டு வீட்டுக்கு உரிய பொருள்களைக் கொண்டு தத்தம் வரிசையை அமைத்துக்கொள்க என்பதே அது. நம் வீட்டில் அகப்பை உண்டு. கொட்டாங்கச்சியில் இரு துளையிட்டு மூங்கிற் காம்பு செருகினால் அது முடியும். கத்தியும் துளையிடும் கருவியுமே போதும். அதன்பின் பம்பரம், மணை, பல்லாங்குழிப் பலகை, சிறுதேர் என வரிசையை வளர்க்கலாம். மத்துக்கும் உறிக்கும் இன்று வீட்டில் இடமில்லை. அவற்றைப் பழம்பெருமை பற்றிச் சேர்த்தல் வேண்டா. மலைவேம்பு மென்மையானது, சிறுவர் கைக்கு எளிதில் இணங்கும். பூவரசு சற்றே கடியது. இரண்டாம் ஆண்டுக்கு ஏற்றது. மழுங்கிய உளியே கையைப் பெரிதும் காயப்படுத்தும். ஆகவே தீட்டுதலையே முதல் வாரப் பாடமாக வைத்தல் நன்று. வகுப்பில் இருபதின்மருக்கு மேற்பட்டால் ஆசிரியரால் எல்லார் நிலையையும் காண இயலாது.

காம்பின் அளவை ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு அடுப்பின் உயரத்தையும், சோறு வடிக்கும் கலத்தின் ஆழத்தையும், அதனைப் பிடிப்பாரின் கையையும் முதல்நாள் மாலை அளந்து, மறுநாள் ஏட்டில் எழுதிக்கொண்டு வரலாம்.